ஐடி சப்போர்ட் வேலைக்கு எந்தப் பயிற்சியில் சேருவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வணிகவியல் பட்டதாரி. மூன்று வருடமாக ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கிறீர்கள். வயது 27. ஐடி சப்போர்ட்டுக்கு மாற வேண்டும். கண் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு ஒரு வருட ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் டிப்ளமா படிப்பது ஒன்று. ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, எம்சிஎஸ்இ என்ற நான்கு ஐடி சான்றிதழ்களையும் ஆறே மாதத்தில் முடித்து, ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ தருவதாகச் சொல்லும் பேக்கேஜ் இன்னொன்று. வேலையில் இருந்தபடியே ஆன்லைனில் நீங்களாகவே படிப்பது மூன்றாவது. எதில் சேரலாம் என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்களிடம் இருக்கும் 8 ஜிபி ராம் லேப்டாப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: எதைப் படித்து முடித்தால் முன்பின் தெரியாத ஒரு அலுவலகம் உங்களை நம்பித் தன் மெஷின்களை ஒப்படைக்கும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஹெல்ப் டெஸ்க்கில் தொடங்கி, சர்வர் பக்கம் போய், கடந்த ஏழு வருடமாக ஒரு சப்போர்ட் டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் பார்க்கிறேன். என் அனுபவம் முழுக்க அலுவலகச் சூழலில்தான். தொழிற்சாலை இயந்திரங்களோடு இணைந்த கம்ப்யூட்டர்கள், மருத்துவமனைக் கருவிகள் போன்ற இடங்களில் சப்போர்ட் பார்ப்பவர்களுக்கு வேறு சில தேவைகள் இருக்கும். அவர்களுக்காக நான் பேச முடியாது.

பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைக் காட்டுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் அழைக்கிறார், அவருடைய லாக்-இன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக் ஆகிறது. டெஸ்க்கில் இருந்த புதுப் பையன் அன்லாக் செய்தான். திரும்பவும் லாக். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தான். திரும்பவும் லாக். மூன்றாவது முறை அவர் குரல் உயர்ந்துவிட்டது, சம்பளப் பட்டியல் போட வேண்டிய நாள் அது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் போனை வாங்கி இரண்டே கேள்வி கேட்டாள். “கடைசியாக எப்போது பாஸ்வேர்ட் மாற்றினீர்கள் சார்?” வெள்ளிக்கிழமை. “ஆபீஸ் மெயில் உங்கள் மொபைலிலும் இருக்கிறதா?” இருந்தது. பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அந்த மொபைல் மெயில் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தட்டத் தட்ட அக்கவுண்ட் லாக். மொபைலில் புதுப் பாஸ்வேர்டைப் போட்டதும் விஷயம் முடிந்தது. அன்று மாலை அந்தப் பையனை உட்காரவைத்து, அலுவலக லாக்-இன்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைக் காட்டினேன். அக்கவுண்ட் லாக் ஆகும்போதெல்லாம் அந்தப் பதிவு விழும், தவறான முயற்சி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கான தடயமும் அதில் கிடைக்கும்.

இந்த வேலையின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடும். சரியான கேள்வி கேட்கத் தெரிய வேண்டும், பின்னால் மெஷின் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அந்தப் பையனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. அக்கவுண்ட் லாக்அவுட் பாலிசி என்றால் என்ன என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பான். லாக் ஆகிக்கொண்டே இருக்கும் ஒரு அக்கவுண்டை அவன் படித்த இடத்தில் யாரும் அவன் முன்னால் வைக்கவில்லை.

அதனால் எந்தப் பயிற்சியை அளப்பதானாலும் நான் ஒரே அளவுகோலைத்தான் பிடிப்பேன்: கெட்டுப்போன ஒன்றை உங்கள் கையால் சரிசெய்ய எத்தனை மணி நேரம் தருகிறார்கள்? டெமோ வகுப்புக்குப் போனால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு ஒரு மெஷின் என்று கேளுங்கள். ஒரு புது கம்ப்யூட்டரை டொமைனில், அதாவது அந்தச் சர்வரின் நிர்வாகத்தில், சேர்ப்பதை நானே செய்வேனா? மெஷின்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, மெஷினுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வருவதை நானே பார்த்து, ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பேனா? நெட்வொர்க் வழியாகத் திறப்பதற்கான ஷேர் அனுமதியும் டிஸ்க்கிலேயே இருக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதியும் ஒன்றோடொன்று முட்டி, ஒருவரால் ஃபோல்டரைத் திறக்க முடியாமல் போகும் நிலையை உருவாக்கிச் சரிசெய்வேனா? போன் தொலைந்துபோன யூசருக்கு இரண்டாம்படி சரிபார்ப்பை எப்படி மாற்றிக் கொடுப்பது, அதற்கு முன்னால் பேசுவது அவர்தானா என்று எப்படி உறுதிசெய்வது, இதையெல்லாம் யாராவது சொல்லித் தருவார்களா? இந்தக் கேள்விகளுக்கு ஆசிரியர் உற்சாகமாகப் பதில் சொன்னால் நல்ல இடம். ‘அதெல்லாம் வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து அந்த ஆறு மாதப் பேக்கேஜ். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, சேராதீர்கள். காரணம் அவர்களுடைய பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எம்சிஎஸ்இ சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்று யாராலும் அந்தத் தேர்வை எழுத முடியாது. இல்லாத ஒன்றை விளம்பரத்தில் போட்டிருப்பவர்கள் ஒன்று பாடத்திட்டத்தைப் பல வருடமாகத் தொடவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். எந்த நிறுவனத்தையும் இதே முறையில் சோதித்துப் பார்க்கலாம். ஏ பிளஸ் என்றால் எந்தத் தேர்வு எண் என்று கேளுங்கள். 220-1201, 220-1202 என்று பதில் வர வேண்டும். இவற்றுக்கு முந்தைய 1101, 1102 இரண்டும் 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்றுவிட்டன. நெட்வொர்க் பிளஸ் என்றால் 2024-இல் வந்த என்10-009. சிசிஎன்ஏ என்றால் 200-301. இந்த எண்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். நீங்கள் கேட்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ் நடத்தும் காம்ப்டியா, சிசிஎன்ஏ நடத்தும் சிஸ்கோ ஆகியவற்றின் தளங்களிலேயே பார்த்துக்கொண்டு போங்கள்.

வேலை உத்தரவாதம் என்ற வார்த்தையைக் கையெழுத்துப் போடும் தாளில் தேடிப் படியுங்கள். பல இடங்களில் அதன் அர்த்தம், மூன்று இன்டர்வியூவுக்கு அனுப்பிவைப்போம் என்பதுதான். என் டீமில் இருக்கும் ஒரு தம்பி அப்படி ஒரு இடத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டியவன். அவர்கள் அனுப்பிய மூன்று இன்டர்வியூவில் இரண்டு, போனில் கடன் அட்டை விற்கும் வேலை. மூன்றையும் காட்டி, எங்கள் கடமை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடனை அடைக்க அவனுக்கு இரண்டு வருடம் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

சான்றிதழ்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். காம்ப்டியாவின் ஏ பிளஸ் 1993 முதல் இருக்கிறது. இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900 என்ற அளவில் முதல் தேர்வுக்கு 675, இரண்டாவதற்கு 700 எடுத்தால் தேர்ச்சி. மூன்று வருடம் செல்லும். முதல் தேர்வில் பழுது கண்டுபிடிப்பதற்கு மட்டும் 28 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஹார்டுவேருக்கு 25. இரண்டாவதில் இயங்குதளமும் பாதுகாப்பும் ஆளுக்கு 28. திரையிலேயே ஒரு சிக்கலைத் தந்து தீர்க்கச் சொல்லும் கேள்விகளும் உண்டு. ஒரு ஃபிரெஷருக்கு இதைவிடப் பொருத்தமான பாடத்திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பாடத்திட்டம் வேறு, தேர்வுக்குப் பணம் கட்டுவது வேறு. பாடத்தை எல்லோரும் படிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். தேர்வை எழுதியே ஆக வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. சில நிறுவனங்களில் ஏ பிளஸ் இல்லாத ரெஸ்யூமே மேலே வராது. சில இடங்களில் அது என்னவென்றே கேட்க மாட்டார்கள். இதற்கு நான் பதில் சொல்வதைவிட நீங்களே கண்டுபிடிப்பது எளிது. உங்களால் போக முடிந்த இடங்களில் வந்திருக்கும் ஹெல்ப் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் விளம்பரங்கள் 30-ஐ எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். அந்தத் தாள் எந்த ஆலோசகரையும்விட நம்பகமானது.

கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழ் 2018-இல் கோர்சேரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் வந்தது. எதுவும் தெரியாமல் தொடங்குபவருக்கு நன்றாகக் கட்டிய படிப்பு, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், டிஹெச்சிபி எல்லாம் பொறுமையாக விளங்கவைப்பார்கள். கண்காணிப்போடு எழுதும் தேர்வு இல்லாததால், நான் ஆள் எடுக்கும்போது அதை ஆர்வத்தின் அடையாளமாகப் பார்ப்பேன், திறமைக்குச் சான்றாகப் பார்க்க மாட்டேன். சிசிஎன்ஏ மதிப்புள்ள தேர்வு, மதிப்புக்கேற்ற உழைப்பும் கேட்கும். நெட்வொர்க் பக்கம் போக முடிவு செய்தவர்களுக்கான பாதை அது. முதல் சப்போர்ட் வேலைக்காக அதில் எட்டு மாதம் போட வேண்டாம், உள்ளே வந்தபிறகு படியுங்கள். ஐடி சேவையை நிர்வகிக்கும் முறைகளைப் பற்றிய ஐடிஐஎல் அடிப்படைத் தேர்வும் அப்படித்தான், வேலையில் சேர்ந்தபிறகு நிறுவனமே எழுதவைக்க வாய்ப்பு உண்டு. அலுவலக மெஷின்களை நிர்வகிப்பது பற்றிய மைக்ரோசாஃப்டின் எம்டி-102 தேர்வு நல்லது, ஆனால் ஒரு வருடம் மெஷின்களோடு பழகியபிறகுதான் அதில் சொல்வது மனதில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் தேர்வுக் கேள்விகளையே ‘டம்ப்ஸ்’ என்று கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிடிபட்டால் சான்றிதழைத் திரும்பப் பெறும் உரிமை தேர்வு நடத்துபவர்களுக்கு உண்டு. அதற்கு முன்னாலேயே இன்டர்வியூவில் விஷயம் வெளியே வந்துவிடும். நான் மேசையில் ஒரு லேப்டாப்பை வைத்து, இதில் இன்டர்நெட் வரவில்லை, பாருங்கள் என்று மட்டும்தான் சொல்வேன். டிஎன்எஸ் முகவரியைக் கையால் தப்பாகப் போட்டு வைத்திருப்பேன். நான்கு சான்றிதழ் வைத்திருந்த ஒருவர் உடனே ரீஸ்டார்ட் செய்தார், பிறகு டிரைவரை நீக்கினார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சான்றிதழும் இல்லாத இன்னொருவர் மெஷினைத் தொடுவதற்கு முன்னால், “கடைசியாக எப்போது வேலை செய்தது? அதன்பிறகு யாராவது எதையாவது மாற்றினார்களா?” என்று கேட்டார். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைப் போட்டார், பதில் வந்தது. ஒரு தளத்தின் பெயருக்குப் போட்டார், வரவில்லை. “லைன் இருக்கிறது, பெயரை முகவரியாக மாற்றுவதில்தான் கோளாறு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமைப்புகளைத் திறந்தார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவரைத்தான் எடுத்தேன்.

சரி, உங்களுக்கு என் பதில் மூன்றாவது வழி. வேலையை விடாதீர்கள், ஏ பிளஸ் பாடத்திட்டத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வின் பாடக் குறிப்புகளைக் காம்ப்டியாவே இலவசமாகத் தருகிறது. அதை அச்செடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வாருங்கள். புரொஃபசர் மெஸ்ஸர் என்ற பெயரில் வரும் வீடியோக்கள் முழுப் பாடத்தையும் இலவசமாக நடத்துகின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும், மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழகச் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர், அதுவும் இலவசம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஐந்தாறு மாதத்தில் இன்டர்வியூவுக்குத் தயாராகலாம் என்பது என் மதிப்பீடு. என்னிடம் சேர்ந்தவர்களை வைத்துச் சொல்கிறேன். சிலருக்கு ஒன்பது மாதமும் ஆகியிருக்கிறது.

அந்த நேரத்தில் பாதியையாவது லேபுக்குக் கொடுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பார்க்கும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பையும் விண்டோஸ் 11 என்டர்பிரைசின் 90 நாள் பதிப்பையும் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சர்வரில் யூசர்களையும் மெஷின்களையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி போட்டு, கற்பனையாக ஒரு சின்ன அலுவலகத்தை உருவாக்குங்கள், ஐந்து பேர், இரண்டு பிரிவுகள், ஒரு பகிர்வு ஃபோல்டர். பிறகு தினமும் ஒன்றைக் கெடுங்கள். முடிந்தால் உங்களுக்குத் தெரியாமல் கெடுக்கச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுங்கள், அதுதான் நல்ல பயிற்சி. சரிசெய்த ஒவ்வொன்றையும் டிக்கெட்டாக, அதாவது ஒரு புகாரின் பதிவாக, எழுதி வையுங்கள். ‘பிரிண்டர் வரவில்லை, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் அது டிக்கெட் இல்லை. ‘இரண்டாம் மாடி பிரிண்டருக்கு இன்று காலை முதல் யாராலும் அனுப்ப முடியவில்லை. பிரிண்டரின் ஐபி முகவரி மாறியிருந்தது, கம்ப்யூட்டர்களில் பழைய முகவரி இருந்தது. டிஹெச்சிபியில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி, ஒரு சோதனைப் பக்கம் எடுத்துப் பார்த்தேன்’ என்று எழுதுங்கள். இப்படி நாற்பது டிக்கெட் இருக்கும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், நான் சான்றிதழைக் கேட்கவே மாட்டேன்.

டிப்ளமா யாருக்கு? தனியாக உட்கார்ந்து படிக்க வராது, ஒருவர் முன்னால் நின்று நடத்தினால்தான் ஏறும் என்பவர்களுக்கு. அரசு வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ அங்கீகாரம் பெற்ற படிப்புச் சான்று தேவைப்படுபவர்களுக்கும். நீங்கள் இந்த இரண்டில் ஒருவர் என்றால் டிப்ளமாவையே எடுங்கள், முன்னால் சொன்ன லேப் கேள்விகளைக் கேட்டுவிட்டு. இல்லையென்றால் ஒரு வருடச் சம்பளத்தை விடுவதற்கு ஈடாக அது எதையும் தராது.

நீங்கள் ஏதோ குறை போலச் சொன்ன மூன்று வருடப் போன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோபமாக இருக்கும் ஒருவரை அமைதிப்படுத்தி, விஷயத்தை வாங்கி, எழுதி வைத்து, சொன்ன நேரத்தில் திரும்ப அழைப்பது ஹெல்ப் டெஸ்க்கில் பாதி வேலை. அதைக் கற்றுத்தர எனக்கு ஒரு வருடம் ஆகிறது, டிஎன்எஸ்ஸை இரண்டு வாரத்தில் கற்றுத்தந்துவிடுவேன். ரெஸ்யூமேயில் அதை மறைக்காமல் முதலில் போடுங்கள். நாளுக்கு எத்தனை அழைப்பு, எந்த மென்பொருளில் பதிவு செய்தீர்கள், எந்த மாதிரிப் புகார்கள் என்று விவரமாகவே எழுதுங்கள்.

ஏஐ வந்தபிறகு இந்த வேலை இருக்குமா என்றும் இடையில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். பாஸ்வேர்ட் மாற்றுவது போன்ற எளிய டிக்கெட்டுகள் ஏற்கெனவே குறைந்துவிட்டன, இன்னும் குறையும். அதனால் விண்டோஸ் வேலைகளைக் கட்டளைகளால் தானாக நடத்தும் பவர்ஷெல்லில் கொஞ்சம் எழுதக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இன்னொரு பக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றுபோனதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பெரும்பாலான மெஷின்களை ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை அடித்து, ஒரு ஃபைலை அழித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அன்று விமான நிலையத்திலும் வங்கியிலும் அந்த மெஷின்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் சப்போர்ட் ஆட்கள்தான்.

லேப்டாப் விஷயம். 8 ஜிபி ராமில் சர்வரை மட்டும் ஓட்டிப் பழகலாம். விண்டோஸ் 11-க்கே குறைந்தது 4 ஜிபி வேண்டும் என்பதால், இரண்டையும் சேர்த்து ஓட்டினால் திணறும். 16 ஜிபி ஆக்கிவிட்டால் நிம்மதி. வாங்குவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் மாடலின் கையேட்டில் ராம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, மாற்ற முடியுமா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்று பாருங்கள். மாற்ற முடியும் என்றால் கடையில் கொடுக்காமல் நீங்களே மாட்டுங்கள். மெஷினை முழுசாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, பெயின்ட் அடிக்காத ஒரு உலோகத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாட்டியபிறகு திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். சில மெஷின்கள் புது ராமைப் பழகிக்கொள்ள முதல் முறை இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்திருக்காது, கழற்றி ‘டக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். மெஷின் எழுந்ததும் என்ன நடந்தது, என்ன பார்த்தீர்கள், எப்படிச் சரியானது என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, டிக்கெட் எண் 1 என்று போடுங்கள்.